நட்சத்திர வீரர் போனால் கேலரி எப்போது காலியாகும்?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.-வின் நட்சத்திர வீரர் லூகா டான்சிச்சை டல்லஸ் மேவரிக்ஸ் அணி லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது என்ற செய்தி, நம் நேரப்படி 2025 பிப்ரவரி 2, ஞாயிறு முற்பகலில் வந்தது. ஓசூரிலோ பாலக்கோட்டிலோ உட்கார்ந்து காலை ஆறு மணிக்கு போனில் டல்லஸ் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த ரசிகருக்கு அன்று எழுந்தது ஒரே கேள்வி: இனி எந்த அணியைப் பார்ப்பது? டல்லஸ் நகரத்துக்காரருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. அவர் அரங்க வாசலில் போய் நின்று கோஷம் போட்டார். சிலர் சவப்பெட்டியே தூக்கிவந்து வைத்தார்கள்.

தூரத்து ரசிகர் வீரரோடு போய்விடுகிறார், உள்ளூர் ரசிகர் அணியோடு சண்டை போட்டுக்கொண்டே அங்கேயே இருக்கிறார். ரசிகர் ஆதரவு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இந்த இரண்டும் இருக்கின்றன. இரண்டும் குறைகிற வேகம் வேறு.

கூடைப்பந்தில் இந்த அடி மற்ற ஆட்டங்களைவிடப் பலமாக விழுகிறது. களத்தில் ஓர் அணிக்கு 5 பேர்தான். என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். முதன்மை வீரர் அதில் 35 நிமிடமாவது களத்தில் நிற்பார். அவர் நிற்கும்போது மூன்றில் ஒரு பங்கு தாக்குதல் அவர் கையில்தான் முடியும். கபடியில் முதல் ரைடர் வெளியே உட்கார்ந்துவிட்டால் நம்மூர்க் கூட்டம் எப்படிச் சத்தமில்லாமல் போகுமோ, அதேதான் இங்கும். கபடியில் அவரை யாராவது மீட்டுக் கொண்டுவரலாம். வேறு அணிக்குப் போன வீரர் விஷயத்தில் அது நடக்காது.

சரி, அடி விழுந்ததும் அரங்கம் காலியாகிறதா? இல்லை. 2010 ஜூலையில் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாந்தை விட்டு மயாமிக்குப் போனார். முந்தைய சீசனில் 61 ஆட்டங்களை வென்ற கிளீவ்லாந்து அணி அடுத்த சீசனில் 19-ஐத்தான் வென்றது. நடுவில் தொடர்ச்சியாக 26 தோல்வி. இருந்தும் அந்த சீசனில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 20,000 பேருக்கு மேல் கணக்கில் வந்தார்கள். லீக்கிலேயே மூன்றாவது இடம்! அதற்கடுத்த சீசனில்தான் அது சுமார் 16,000-க்கு இறங்கியது.

காரணம் எளிது. சீசன் டிக்கெட்டுகளைப் பெரும்பாலோர் கோடைக்கு முன்பே புதுப்பித்துவிடுவார்கள். வீரர்கள் அணி மாறும் சந்தை அப்போது திறந்தது ஜூலையில். பணம் கட்டியாகிவிட்டது. அதோடு, என்.பி.ஏ. அறிவிக்கும் வருகை எண்ணிக்கை விற்ற டிக்கெட்டைப் பொறுத்தது, வாசலைத் தாண்டியவர்களின் தலை எண்ணிக்கை அல்ல. ஆகவே அறிவிக்கப்பட்ட எண்ணை மட்டும் பார்த்து “ரசிகர்கள் விசுவாசமானவர்கள்” என்று எழுதுவது அவசரம். சீக்கிரம் அசைவது வேறு எண்கள்: அன்றைக்கே மறுவிற்பனை டிக்கெட் விலை, பிறகு ஜெர்சி விற்பனை, டிவி பார்ப்போர். அணியின் சந்தை மதிப்பும் காத்திருக்கவில்லை. ஃபோர்ப்ஸ் இதழின் 2011 ஜனவரி மதிப்பீட்டில் கிளீவ்லாந்து 47.6 கோடி டாலரிலிருந்து 35.5 கோடிக்கு இறங்கியிருந்தது. வரப்போகும் காலி நாற்காலிகளை அது முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டது.

சிகாகோ புல்ஸ் இன்னும் வினோதம். மைக்கேல் ஜோர்டான் 1999 ஜனவரியில் ஓய்வு அறிவித்தார். 1999-2000 சீசனில் அணி வென்றது 17, தோற்றது 65. ஆனாலும் 1987-இல் தொடங்கிய ‘ஹவுஸ்ஃபுல்’ வரிசை 600 ஆட்டங்களைத் தாண்டி 2000 நவம்பரில்தான் அறுந்தது. ஆறு கோப்பைகள் சேர்த்துவைத்த ஆதரவு தீர அத்தனை நாள் பிடித்தது. 1993-இல் அவர் முதல் முறை ஓய்வு பெற்றபோது அணி 55 ஆட்டங்களை வென்றதால் பிரச்சினையே எழவில்லை. உள்ளூர்க் கூட்டத்தை விரட்டுவது பெரும்பாலும் வீரர் இல்லாமை அல்ல, அதைத் தொடர்ந்து வரும் தோல்விகள்.

எதிரணி ஊரில் கணக்கு தலைகீழ். அங்கே வருபவர் வெற்றி தோல்வி பார்க்க வருவதில்லை, முகம் பார்க்க வருகிறார். ஹவுஸ்மன், லெனார்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வு, 1991-92 சீசனில் ஜோர்டானால் மற்ற அணிகளுக்குக் கிடைத்த கூடுதல் வருவாய் சுமார் 5.3 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. 2012-இல் சான் அன்டோனியோ அணி, நட்சத்திர வீரர் டிம் டங்கன் உள்ளிட்ட நால்வரை ஓய்வுக்காக மயாமி ஆட்டத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பியதற்கு லீக் 2.5 லட்சம் டாலர் அபராதம் போட்டதும் இந்தக் காசை நினைத்துத்தான்.

வீரர் போகும் விதமும் முக்கியம். லெப்ரான் தானாகப் போனார். கோபம் அவர் மேல், ஜெர்சி எரிந்தது, அணிக்கு அனுதாபம் கிடைத்தது. டான்சிச்சை நிர்வாகம் அனுப்பியது. கோபம் நிர்வாகத்தின் மேல். டிக்கெட் விற்றுக்கொண்டே இருந்தது, வாங்கியவர்கள் உள்ளே போய் மேலாளரை நீக்கச் சொல்லிக் கத்தினார்கள். 2025 நவம்பரில் அவர் நீக்கப்பட்டார். பழி விழுமிடம் அணியாக இருந்தால் சேதம் ஆழம்.

தோல்வி ஏன் இப்படித் தள்ளுகிறது என்பதற்கு 1976-இல் உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவின் ஆய்வு ஒரு பதில் தந்தது. தங்கள் பல்கலைக்கழகம் ஜெயித்த வாரக்கடைசிக்குப் பிறகு வரும் திங்களன்று, அதன் பெயர் போட்ட உடை அணிந்துவந்த மாணவர்கள் அதிகம். பேச்சிலும் “ஜெயிச்சோம்” வரும், தோற்றால் “தோத்துட்டாங்க”.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மின்னொளிக் கூடைப்பந்துப் போட்டிகளில் டிக்கெட் கிடையாது, மறுவிற்பனை கிடையாது. நல்ல வீரருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னைக் கல்லூரியிலோ ரயில்வேயிலோ வங்கியிலோ இடம் கிடைத்ததும் கிளம்பிவிடுவார், போகத்தான் வேண்டும். அவரோடு கூட்டம் எவ்வளவு போனது என்று போட்டி நடத்துபவர் அளக்க நினைத்தால் முடியும். கேலரியின் ஒரே மூலையிலிருந்து, ஆட்டம் தொடங்கும்போதும் கடைசிக் கால்பகுதி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போதும் போனில் படம் எடுத்துத் தலைகளை எண்ணுங்கள். அவர் இருந்தபோது மூன்று ஆட்டம், போன பிறகு மூன்று ஆட்டமாவது வேண்டும்.

தொடக்க எண்ணிக்கையே குறைந்திருந்தால் போனது அவரைப் பார்க்க வந்த கூட்டம்: அவர் தெரு, அவர் பள்ளி. தொடக்கத்தில் அதே கூட்டம் இருந்து, 20 புள்ளி பின்தங்கியதும் கலைகிறது என்றால் நோய் தோல்வி. முன்னதற்கு மருந்து கிடையாது. பின்னதற்குப் புதுப் பையன்களுக்கு ஆட்டநேரமும், சமபலமான எதிரணியும் போதும்.

பிழை நுழைவது ஒப்பீட்டில்தான். மே மாத ஆட்டத்தை மார்ச்சோடு ஒப்பிடாதீர்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு, மாணவர்கள் வரமாட்டார்கள். மே, ஜூனில் மாங்காய் அறுப்பு. கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்பு வேலைக்குப் போனவர் எட்டு மணிக்கு முன் மைதானம் சேர்வது சந்தேகம். எதிரணியில் பெயர்பெற்ற வீரர் இருந்தால் அந்த ஆட்டத்தைத் தனியாக எழுதிவையுங்கள். இடைவேளையில் மட்டும் எண்ணவே எண்ணாதீர்கள், பாதிப் பேர் டீக்கடையில் இருப்பார்கள்.