டேட்டாபேஸ் சோர்ஸ் கன்ட்ரோல் கருவியை அப்டேட் செய்யும் முன்

டேட்டாபேஸ் மாற்றங்களைப் பதிவு செய்து நிர்வகிக்கும் கருவிக்குப் புதிய பதிப்பு வந்தால், பெரும்பாலான டீம்களில் நடப்பது இதுதான்: யாரோ ஒருவர் பில்ட் ஃபைலில் பதிப்பு எண்ணை மாற்றுவார், டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும், அதோடு விஷயம் முடிந்தது. தேதியை அழகாகக் காட்டும் ஒரு லைப்ரரிக்கு இவ்வளவு கவனம் போதும். இங்கே அப்டேட் ஆவதோ, நிஜத் தரவு இருக்கும் புரொடக்‌ஷன் டேபிளையே டிராப் செய்யும் (அடியோடு அழிக்கும்) உரிமையோடு ஓடும் புரோகிராம். ரிலீஸ் நோட்ஸில் புதிய வசதிகளை எல்லோரும் ஆர்வமாகப் படிக்கிறார்கள். மாறிய டீஃபால்ட்கள் (நாம் எதுவும் சொல்லாவிட்டால் கருவி தானாக எடுத்துக்கொள்ளும் அமைப்புகள்) பற்றிய பகுதியைப் படிப்பவர்களை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இந்த வகைக் கருவிகளில் ஒன்றான ஃப்ளைவேயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் க்ளீன் என்றொரு கட்டளை உண்டு. கொடுத்த ஸ்கீமாவில் (டேபிள்களும் அவற்றின் அமைப்பும் அடங்கிய தொகுப்பு) உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும். 2022இல் வந்த 9ஆம் பதிப்பில்தான் அது டீஃபால்ட்டாக முடக்கப்பட்டது. நல்ல மாற்றம். ஆனால் ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் டேட்டாபேஸைத் துடைத்துவிட்டுத் தொடங்கும் டீம்களுக்கு அப்டேட் செய்ததும் எல்லாம் ஃபெயில் ஆகும். அவசரத்தில் யாராவது ஒருவர் க்ளீனை மறுபடி அனுமதிக்கும் வரியைப் பொது கான்ஃபிக் ஃபைலில் போட்டுவிடுவார். அதே ஃபைலைப் புரொடக்‌ஷனும் படிக்கும் என்றால், பாதுகாப்புக்காக வந்த மாற்றம் அங்கேயே செத்தது. அந்த வரி டெஸ்ட் கான்ஃபிக்கில் மட்டும் இருக்க வேண்டும்.

2023இல் வந்த 10ஆம் பதிப்பில் வேறு கதை. போஸ்ட்கிரெஸ் உள்ளிட்ட பல டேட்டாபேஸ்களுக்கான ஆதரவு தனித்தனி மாட்யூலாகப் பிரிந்தது, ஜாவா 17 கட்டாயமானது. எண்ணை மட்டும் மாற்றியவர்களுக்கு ‘இந்த டேட்டாபேஸுக்கு ஆதரவில்லை’ என்று அப்ளிகேஷன் தொடங்கும்போதே எர்ரர் வந்தது. இதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. சத்தம் போட்டு விழும் கோளாறு ரிலீஸைத் தாமதப்படுத்தும், தரவைத் தொடாது.

அமைதியாக வரும் சிக்கல்கள் பெரும்பாலும் ஹிஸ்டரி டேபிளில்தான் தொடங்குகின்றன. எந்த மைக்ரேஷன் ஸ்கிரிப்ட் (டேட்டாபேஸை மாற்றும் கட்டளைகள் உள்ள ஃபைல்) ஓடியது, அதன் செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) என்ன என்பதை ஃப்ளைவேயும் அதே வகைக் கருவியான லிக்விபேஸும் உங்கள் டேட்டாபேஸுக்குள்ளேயே ஒரு டேபிளில் எழுதி வைக்கின்றன. ஓடி முடிந்த ஸ்கிரிப்டில் ஒரு கமென்ட்டைத் திருத்தினால்கூட ஃப்ளைவே ஒப்பிட்டுப் பார்த்து ‘பொருந்தவில்லை’ என்று நின்றுவிடும். லிக்விபேஸில் 2023இல் 4.22 பதிப்போடு செக்சம் கணக்கிடும் முறையே மாறியது. பழைய செக்சம்களை அடுத்த அப்டேட் ஓட்டத்தில் புதிய முறைக்கு மாற்றி எழுதும். எனவே ஒரு டெவலப்பரின் கணினியில் ஒரு பதிப்பும் பில்ட் சர்வரில் இன்னொன்றும் ஓடுவது இந்தக் கருவிகளில் சரிப்படாது. எல்லா இடத்திலும் ஒரே பதிப்பு, எண்ணைக் குறிப்பிட்டுப் பூட்டியிருக்க வேண்டும்.

செக்சம் பொருந்தவில்லை என்றதும் ஃப்ளைவேயின் ரிப்பேர் கட்டளையைக் கொடுக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அது ஸ்கிரிப்டைச் சரிசெய்வதில்லை. ஹிஸ்டரி டேபிளில் உள்ள செக்சத்தை இப்போதைய ஃபைலுக்கு ஏற்ப மாற்றுகிறது, அவ்வளவுதான். புரொடக்‌ஷனில் ஓடியது ஒன்று, கோடைப் பதிவு செய்து வைக்கும் ஜிட்டில் இருப்பது வேறு என்ற நிலை அப்படியே இருக்கும், இனி யாருக்கும் தெரியவும் தெரியாது. வித்தியாசம் ஏன் வந்தது என்று பார்க்காமல் அதைத் தொடாதீர்கள்.

ஸ்கிரிப்ட் வரிசையாக இல்லாமல், இருக்க வேண்டிய ஸ்கீமாவை எழுதி வைத்து, கருவியே ஒப்பிட்டு வித்தியாசத்தை உருவாக்கும் முறையும் உண்டு. எஸ்க்யூஎல் சர்வருக்கான மைக்ரோசாஃப்டின் டேட்டா டூல்ஸ் அந்த வகை. அதில் பெயர் மாற்றம்தான் பொல்லாதது. ‘போன்’ என்ற நெடுவரிசையை ‘மொபைல்’ என்று ஃபைலில் நேரடியாக அடித்து மாற்றினால், பெயர் மாறியது என்று கருவிக்கு எப்படித் தெரியும்? அதன் பார்வையில் ஒன்று காணாமல் போயிருக்கிறது, இன்னொன்று புதிதாக வந்திருக்கிறது. பழையதை டிராப் செய், புதியதைச் சேர் என்று ஸ்கிரிப்ட் எழுதும். எண்கள் எல்லாம் போச்சு. இதற்காகவே ரீஃபாக்டர் லாக் என்ற ஃபைல் இருக்கிறது. ரீநேம் வசதி வழியாக மாற்றினால் அதில் பதிவாகும், அந்த ஃபைலும் ஜிட்டில் ஏற வேண்டும். தரவு இழப்பு ஏற்படலாம் என்றால் நிறுத்திவிடும் அமைப்பும் அதில் டீஃபால்ட்டாக ஆன் ஆகியிருக்கும். டிப்ளாய் ஆகவில்லையே என்று அதை ஆஃப் செய்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உருவான ஸ்கிரிப்டைப் படித்தீர்களா?

மைக்ரேஷன் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பது கருவியைவிட டேட்டாபேஸைப் பொறுத்தது. போஸ்ட்கிரெஸில் பெரும்பாலான ஸ்கீமா மாற்றங்களை டிரான்சாக்‌ஷனுக்குள் (எல்லாம் சேர்ந்தே நடக்கும், அல்லது எதுவும் நடக்காது என்ற கட்டு) வைத்து முழுவதுமாகத் திரும்பப் பெறலாம். மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் இரண்டிலும் டேபிளின் அமைப்பை மாற்றும் ஒவ்வொரு ஆல்ட்டர் கட்டளையும் தானாகவே கமிட் ஆகிவிடும், அதாவது நிரந்தரமாகப் பதிவாகிவிடும். ஐந்தில் மூன்று ஓடி நின்றால் அந்த மூன்றும் நிலைத்துவிட்டன. அங்கே ஒரு ஃபைலில் ஒரு மாற்றம் என்று பிரித்து எழுதினால் பிழைத்தோம்.

அப்புறம் பேக்கப். 2017 ஜனவரி 31 அன்று, டீம்கள் தங்கள் கோடைச் சேமிக்கும் தளமான கிட்லாபில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்த சம்பவத்தை அந்த நிறுவனமே விரிவாக வெளியிட்டது. பேக்கப்பைத் தேடினால் ஸ்டோரேஜ் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு, ஒவ்வொரு முறையும் எர்ரரோடு நின்றிருக்கிறது, எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் இருந்ததால் மீண்டார்கள். மைக்ரேஷன் கருவியை உயர்த்தும் வாரத்தில் பேக்கப்பை ஒருமுறை ரீஸ்டோர் செய்து பார்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

அந்த ரீஸ்டோர் செய்த நகலே உங்கள் சோதனைக் களமும். ஹிஸ்டரி டேபிளோடு கூடிய நிஜ நகலில் முதலில் வேலிடேட் (ஹிஸ்டரி டேபிளும் ஃபைல்களும் பொருந்துகின்றனவா என்ற சோதனை), அடுத்து ஓடப்போகும் எஸ்க்யூஎல்லை அச்சிட்டுப் படிப்பது, அதற்குப் பிறகே ஓட்டுவது. காலியான டேட்டாபேஸில் பாஸ் ஆகும் டெஸ்ட் இங்கே எதையும் நிரூபிக்காது. யாரோ இரவில் கையால் போட்ட இண்டெக்ஸ் போன்ற பதிவாகாத மாற்றங்களையும் பழைய பதிப்பை வைத்தே முன்கூட்டிக் கண்டுபிடித்துவிடுங்கள், இல்லையென்றால் பழி புதிய பதிப்பின் மேல் விழும்.

கருவியை உயர்த்துவதும் ஸ்கீமா மாற்றமும் ஒரே ரிலீஸில் சேர வேண்டாம். பழைய பதிப்பின் இன்ஸ்டாலரையும் ஹிஸ்டரி டேபிளின் நகலையும் தனியாக எடுத்து வைத்த பிறகு, மாற்ற ஒன்றும் இல்லாத ஒரு நாளில் புதிய பதிப்பைப் புரொடக்‌ஷனில் ஒருமுறை ஓடவிட்டு, ‘செய்ய எதுவும் இல்லை’ என்று அது சொல்கிறதா என்று பாருங்கள்.