இரண்டாம் விருப்பை எழுதாமல் விட்டுவிட்டு மூன்றாமவரைக் குற்றம் சொல்லாதீர்கள்

“சேர், அவருக்குப் போட்டால் அது கடைசியில் மற்றாளுக்குத்தானே போய்ச் சேரும்?” என்ற கேள்வி, தேர்தல் கடமைகளிலிருந்து நான் ஓய்வுபெற்ற பின்னரும் என்னைத் துரத்திக்கொண்டிருக்கிறது. கோயில் வீதியிலும் கேட்கிறார்கள், செத்தவீட்டுப் பந்தலிலும் கேட்கிறார்கள். அண்மையில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் அதைக் கேள்வியாகக்கூட அல்லாமல் முடிவாகவே அறிவித்தார்: இலங்கையின் 2024 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்க் கட்சிகளும் அமைப்புகளும் சேர்ந்து நிறுத்திய தமிழ்ப் பொது வேட்பாளர் நின்றிராவிட்டால் சஜித் பிரேமதாச வென்றிருப்பாராம். எனக்குப் பொறுமை போய்விட்டது.

கூட்டிக் கழித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்தத் தேர்தலின் முதலாம் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க 56,34,915 வாக்குகளையும் சஜித் பிரேமதாச 43,63,035 வாக்குகளையும் பெற்றார்கள். இடைவெளி பன்னிரண்டரை இலட்சத்துக்கும் மேல். பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன் நாடு முழுவதிலும் பெற்றது 2,26,343. அத்தனை வாக்குகளையும் ஒன்றுவிடாமல் சஜித்தின் கணக்கில் சேர்த்தாலும் இடைவெளி பத்து இலட்சத்துக்குக் கீழே இறங்காது. யாழ்ப்பாண மாவட்டத்தில் அரியநேத்திரன் சஜித்துக்கு மிக அருகில் வந்ததைக் கண்டவர்கள், தங்கள் மாவட்டத்தை நாடாக எண்ணிக்கொண்டதால் வந்த குழப்பம் இது.

மூன்றாம் வேட்பாளர் ஒருவர் தேர்தலைக் கெடுத்துவிடுவார் என்ற அச்சம் எங்கும் பொய் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தில் ஜோர்ஜ் புஷ் அல் கோரை வென்றது வெறும் 537 வாக்குகளால். அதே மாநிலத்தில் பசுமைக் கட்சியின் ரால்ப் நாடர் 97,488 வாக்குகள் பெற்றிருந்தார். அங்கே ஒருவர் ஒரு பெயரைத்தான் தெரிவு செய்யலாம், முதலிடத்தில் வருபவருக்கு அரைவாசி வாக்குகூடத் தேவையில்லை, ஜனாதிபதியைத் தெரிவுசெய்யும் அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் அவருக்கே போய்விடுவார்கள். அத்தகைய முறையில் அந்த அச்சத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல் அந்த முறையில் நடப்பதே இல்லை. 1982 இல் நடந்த முதலாவது தேர்தலிலிருந்தே இல்லை. அரசியலமைப்பின் 94 ஆம் உறுப்புரை, வாக்காளர் ஒருவர் தமது முதல் தெரிவுடன் இரண்டாம், மூன்றாம் விருப்புகளையும் குறிப்பிட இடமளிக்கிறது. செல்லுபடியான வாக்குகளில் அரைவாசிக்கு மேல் ஒருவரும் பெறாதபோது, முதலிரு இடங்களில் உள்ளவர்களைத் தவிர ஏனையோர் அனைவரும் ஒரேயடியாக நீக்கப்பட்டு, அவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் உள்ள விருப்புகள் அந்த இருவருக்கும் சேர்க்கப்படுகின்றன.

இவ்வளவையும் விளக்கிய பிறகு வருவதுதான் என்னை மிகவும் சினமூட்டும் கூற்று: “இரண்டு போட்டால் ஒன்றின் பெறுமதி குறைந்துவிடும்.” குறையாது. பாதியாகாது. காற்பங்காகவும் ஆகாது. உங்கள் முதல் தெரிவுக்குரியவர் முதலிரு இடங்களில் ஒன்றில் இருந்தால், நீங்கள் எழுதிய 2 ஐ எந்த அலுவலரும் எண்ணப்போவதில்லை. அவர் போட்டியிலிருந்து நீங்கிய பின்னர் மட்டுமே, அதாவது உங்கள் 1 ஆல் அவருக்கு இனி எந்தப் பயனும் இல்லை என்று உறுதியான பின்னர் மட்டுமே, 2 கணக்கில் வரும். நீங்கிவிட்டவருக்கு உங்கள் 2 எப்படிக் கேடு செய்யும்?

இந்தத் தவறான எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு வாக்களித்துவிட்டு, அதே கட்சியின் வேட்பாளர் மூவர்வரை விருப்பு வாக்கு அளிக்கிறோம். அந்த மூன்றும் சம பெறுமதி உடையவை, ஒரே நேரத்தில் எண்ணப்படுபவை, ஒரே பட்டியலில் உள்ளவர்களை ஒருவரோடொருவர் மோத வைப்பவை. அங்கே “எனக்கு மட்டும் போடுங்கள்” என்று ஒரு வேட்பாளர் கெஞ்சுவதில் அர்த்தம் உண்டு. ஜனாதிபதித் தேர்தலில் விருப்புகள் வரிசையாக, ஒன்று பயனற்றுப் போனால்தான் அடுத்தது என்ற ஒழுங்கில் இயங்குகின்றன. பாராளுமன்றத் தேர்தல் பழக்கத்தை அப்படியே இங்கு கொண்டுவந்து, ஒரு புள்ளடியோடு (X) வெளியே வருபவர்கள்தான் பெரும்பாலானோர். கட்சிக்காரர்களும் இதைத் திருத்த முயல்வதில்லை. தம்முடைய ஆள் வெல்வார் என்று மேடையில் முழங்கிவிட்டு, அவர் நீங்கினால் என்ன செய்வது என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது.

2024 இல்தான் இந்நாட்டில் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. ஏறக்குறைய நாற்பது பெயர்கள் கொண்ட அந்த நீண்ட சீட்டுகள், கட்டு அவிழ்க்கப்பட்டு மீண்டும் மேசையில் விரிக்கப்பட்டன. அலுவலர் ஒருவர் மேலிருந்து கீழாக விரலை ஓட்டி 2 ஐத் தேட வேண்டும். கிடைத்த 2 நீங்கியவருக்கு எதிரே இருந்தால் 3 ஐத் தேட வேண்டும். சீட்டுக்குச் சீட்டு ஒரேயொரு புள்ளடி, மீதி முழுவதும் வெறும் தாள். நீங்கிய வேட்பாளர்கள் அனைவரும் பெற்றவை 33 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள். அவற்றிலிருந்து அநுரவுக்குச் சேர்ந்தவை 1,05,264, சஜித்துக்குச் சேர்ந்தவை 1,67,867. இரண்டையும் கூட்டினால் நூற்றுக்கு எட்டுக்குச் சற்று மேல். மீதமுள்ள 30 இலட்சத்துக்கும் அதிகமான சீட்டுகளில் விருப்பு எதுவும் எழுதப்படவில்லை, அல்லது எழுதப்பட்ட விருப்பும் நீங்கிய வேறொருவருக்கே போயிருந்தது. இறுதி இடைவெளியோ ஏறக்குறைய 12 இலட்சம். அந்தச் சீட்டுகளில் விருப்பு இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா, அதே முடிவு இன்னும் உறுதியாகியிருக்குமா என்று ஊகிப்பது என் வேலையன்று. முடிவைத் தீர்மானிக்கப் போதுமான வாக்குகள் அந்த மேசைகளில் பேசாமல் கிடந்தன என்பதை மட்டும் சொல்வேன்.

“அப்படியானால் எவரையும் பிடிக்கவில்லை, சீட்டைக் கிறுக்கிவிட்டு வருகிறேன்” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரைவாசி என்பது செல்லுபடியான வாக்குகளின் அரைவாசி. நிராகரிக்கப்பட்ட சீட்டு அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. 2024 இல் அப்படி வீணானவை 3,00,300. மூன்றாம் வேட்பாளர் ஒருவருக்குச் செல்லுபடியாக விழும் வாக்கோ, முன்னணியில் உள்ளவர் தாண்ட வேண்டிய எல்லையை உயர்த்துகிறது. 2005 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மகிந்த ராஜபக்ச 50.29 சதவீதம் பெற்றார். அரைவாசிக்கு மேல் அவரிடம் இருந்தவை ஏறத்தாழ 28,600 வாக்குகள் மட்டுமே. பகிஷ்கரிப்பும் அச்சமும் நிலவிய யாழ்ப்பாண மாவட்டத்தில், ஏழு இலட்சம் பதிவுகளுக்கு வாக்களிப்பு 1.2 சதவீதம். மேலும் 58,000 பேர் எந்தச் சிறிய வேட்பாளருக்காவது வாக்களித்திருந்தால்கூட முதல் எண்ணிக்கையில் எவரும் வென்றிருக்க முடியாது.

இந்த முறை குறையற்றதன்று. அயர்லாந்தின் ஜனாதிபதித் தேர்தலில் அடியில் உள்ளவரிலிருந்து ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டு போவார்கள். இங்கே முதலிருவர் தவிர எல்லோரையும் ஒரே வீச்சில் நீக்கிவிடுவதால், பலருக்கும் இரண்டாம் தெரிவாக இருக்கும் ஒருவர் மூன்றாம் இடத்தில் நின்றால் மேலே வர வழியே இல்லை. ஆகவே 1, 2, 3 மூன்றையும் வெல்ல வாய்ப்பற்றவர்களுக்கே கொடுத்துவிட்டு, என் குரல் கேட்கவில்லை என்று முறையிடாதீர்கள். உங்கள் 1 எவருக்காகவும் இருக்கட்டும். கொள்கைக்காகவோ, கோபத்துக்காகவோ, இனத்தின் பெயராலோ. அதைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமையில்லை. 2 அல்லது 3 இல் ஒன்றையாவது, கடைசி இருவரில் ஒருவராக வரக்கூடியவருக்கு வையுங்கள். அந்த இருவரில் எவருமே வேண்டாம் என்பதுதான் உங்கள் தீர்மானமென்றால் வெறுமையாக விடுவதும் உங்கள் உரிமை. ஆனால் அது தெரிந்தே விட்டதாக இருக்கட்டும்.

விருப்பு எழுதுவதென்றால் புள்ளடி போடாமல் எண்களாகவே எழுதுங்கள். 1 இல்லாமல் 2 மட்டும் எழுதினால் சீட்டு நிராகரிக்கப்படும். இருவருக்கு 1 எழுதினாலும் அப்படியே. பெயர், கையொப்பம், அரசியல்வாதிகளுக்கான வசவு எதையும் எழுதாதீர்கள். வயது முதிர்ந்த பெற்றோருக்கு வீட்டிலேயே ஒரு வெற்றுத்தாளில் பெயர்களை வரிசையாக எழுதி, எண்ணிட்டுப் பழக்கிவிடுங்கள். எவருக்கு என்று மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பெட்டிக்குள் போடுவதற்கு முன் எழுதியது பிழைத்துவிட்டால், தயவுசெய்து அதன்மேல் வெட்டித் திருத்தாமல், சீட்டைச் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலரிடம் திருப்பிக் கொடுத்து வேறொன்று கேளுங்கள். அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. எவரும் உங்களை ஏசமாட்டார்கள்.