429 கோடிக்குள் இருந்த 641

32 இரண்டுகளைப் பெருக்கி, வரும் விடையோடு 1-ஐக் கூட்டினால் 4,29,49,67,297 கிடைக்கும். இது பகா எண் என்றே பிரெஞ்சுக் கணிதர் பியர் டி ஃபெர்மா நம்பினார். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்து, ஒவ்வொன்றோடும் 1-ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 வரும். ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசையில் இனி வருபவையும் அப்படித்தான் இருக்கும் என்று 1640-இல் அவர் கடிதம் எழுதினார், நிரூபணம் தரவில்லை.

1729-இல் இந்தக் கூற்றைக் கணிதர் கோல்ட்பாக், சுவிஸ் கணிதர் ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1732-இல், தம் 25-ஆம் வயதில், ஆய்லர் பதில் சொன்னார்: அந்த எண் 641 × 67,00,417.

641 என்பது 116-ஆவது பகா எண். ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனால் கை ஓய்ந்துவிடும். ஆய்லர் பின்னாளில் விளக்கிய வழி மிக அழகானது. நம் எண்ணை 'ப' என்ற பகா எண் வகுக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் 2³²-ஐ ப-ஆல் வகுக்கும்போது மீதி −1, அதாவது ப-இன் மடங்குக்கு ஒன்று குறைவு. அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1. 64-க்குக் குறைந்த எந்த அடுக்குக்கும் மீதி 1 வராது. ஆனால் 2-இன் (ப−1)-ஆம் அடுக்குக்கும் மீதி 1 வந்தே தீரும் என்கிறது ஒரு தேற்றம். ஆகவே ப−1 என்பது 64-இன் மடங்காக இருந்தாக வேண்டும். 65, 129, 193 என்று எழுதிக்கொண்டே போய், பகா எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் எஞ்சுபவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே மீதி பூஜ்யம்! அந்தத் தேற்றத்தைத் தந்தவரும் ஃபெர்மாதான். கருவி அவர் கையிலேயே இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வகுத்தலே இல்லாமலும் இதைக் காட்டலாம். 641 = 5 × 2⁷ + 1; அதே 641 = 5⁴ + 2⁴. முதல் சமன்பாட்டின்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாவது சமன்பாட்டின்படி 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று எழுதலாம். −2³²-க்கு மீதி 1 என்றாகிறது. அதாவது 2³² + 1-க்கு மீதி பூஜ்யம்.

இந்த எண்ணில் 2-ஐக் கழித்துப் பாருங்கள். 4,29,49,67,295 = 3 × 5 × 17 × 257 × 65,537. முன்னால் வந்த ஐந்து பகா எண்களும் ஒன்றுவிடாமல் வந்துவிட்டன. பள்ளியில் படித்த அ² − 1 = (அ − 1)(அ + 1) என்ற சூத்திரத்தை 2³² − 1-இல் தொடங்கித் திரும்பத் திரும்பப் போட்டால் இது தானாக விழும்.

இந்த ஐந்துக்கும் வடிவியலில் தனி இடம் உண்டு. 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பல்கோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று 1796-இல் ஜெர்மன் கணிதர் காஸ் கண்டறிந்தார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் (மேலே கண்ட வரிசையில் வரும் பகா எண்களின்) பெருக்கமாக அது அமையும்போதுதான் அப்படி வரைய முடியும். ஆறாவது ஃபெர்மா பகா எண் இதுவரை கிடைக்கவில்லை. ஆகையால், வரைய முடியும் என்று தெரிந்த ஒற்றைப்படைப் பல்கோணங்களில் மிகப் பெரியதற்கு 4,29,49,67,295 பக்கங்கள்.