வளர்சிதைமாற்றம்: குளிரில் ஒரு சொல்லின் பொருள்

பேச்சில் ‘மெட்டபாலிசம்’ என்று வழங்கும் சொல், மாற்றம் எனப் பொருள்படும் ‘மெட்டபொலே’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உயிரணுக்களில் நிகழும் வேதிமாற்றங்களைக் குறிக்க இதன் பெயரடை வடிவத்தை 1839-இல் ஜெர்மானிய உடலியலாளர் தியோடோர் ஷ்வான் கையாண்டார். இலங்கைத் தமிழில் இது அனுசேபம்; தமிழகப் பாடநூல்களில் வளர்சிதைமாற்றம். பின்னதே பொருத்தமானது என்பேன். உடலைக் கட்டும் வளர்மாற்றம், உணவையும் கொழுப்பையும் சிதைத்து ஆற்றல் பெறும் சிதைமாற்றம் ஆகிய இரண்டும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

இவ்விரண்டின் வரவுசெலவு குளிரில் வெளிப்படையாகிறது. குளிர் கூடும்போது வெப்பக்குருதி விலங்கு முதலில் மயிரைச் சிலிர்த்தும், தோலுக்குச் செல்லும் குருதியைக் குறைத்தும் சமாளிக்கும். இவை போதாமற்போகும் எல்லைக்குக் ‘கீழ் மாறுநிலை வெப்பநிலை’ என்று பெயர். அதற்குக் கீழே இறங்கினால், தின்ற தீவனத்தில் ஒரு பங்கை உடல் சூட்டுக்கென்றே எரித்தாக வேண்டும். பிறந்த பன்றிக்குட்டிக்கு அவ்வெல்லை ஏறத்தாழ 34 பாகை செல்சியசு. அடர்ந்த குளிர்கால மயிருடைய மாட்டுக்கோ அது உறைநிலைக்கும் கீழே இருக்கும்; ஆனால் அம்மயிர் நனைந்துவிட்டால் 15 பாகையிலேயே மாடு குளிரை உணரத் தொடங்கும்.

கூடுதல் வெப்பம் தசைநடுக்கத்தால் மட்டும் வருவதில்லை. கன்று, ஆட்டுக்குட்டி போன்றவற்றின் பழுப்புக் கொழுப்பிலுள்ள இழைமணிகள் (உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா), யுசிபி1 என்ற புரதத்தின் துணையால், ஆற்றலை ஏடிபி என்ற ஆற்றல் தாங்கும் மூலக்கூறாகச் சேமிக்காமல் நேரே வெப்பமாக விடுகின்றன. பன்றியில் இப்புரதத்தின் மரபணு செயலிழந்துவிட்டதால், அதன் குட்டி நடுக்கத்தையும் சீம்பாலையுமே நம்பியிருக்கிறது. அசைபோடும் விலங்குகளுக்கு வயிற்றில் நார்த்தீவனம் நொதிக்கும்போது எழும் வெப்பமும் உதவுகிறது. எனினும், குளிரில் தீவனம் வயிற்றைவிட்டு விரைவாகக் கடந்துவிடுவதால் செரிமானத் திறன் சற்றுக் குறையும். ஆகவே தீவனத்தைக் கூட்டாவிட்டால், முதலில் அடிபடுவது எடையேற்றமும் பாலும், அதாவது ‘வளர்’ பக்கமே.

உடல் சூடு சூழலோடு மாறும் குளிர்க்குருதி விலங்குகளில் நிலைமை தலைகீழ். நீரின் வெப்பநிலை 10 பாகை குறைந்தால் மீனின் வளர்சிதைமாற்ற வேகம் பெரும்பாலும் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும், பசியும் அடங்கும். கோடைக்கால அளவிலேயே அதற்குத் தீவனம் இட்டால், மிஞ்சியது குளத்தில் அழுகி நீரைக் கெடுக்கும்.