அழற்சி: புராஸ்டேட் பெருக்கத்தோடு சேர்த்து அறிய வேண்டிய சொல்

வயது ஏற ஏற, ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி பெரிதாகிச் சிறுநீர்ப் பாதையை நெருக்கும் நிலையைப் பலரும் 'புராஸ்டேட் வீக்கம்' என்றே எழுதுகின்றனர். வீக்கம் என்றதும், நீர் கோத்து உப்பியிருக்கிறது, மாத்திரை போட்டால் வடிந்துவிடும் என்ற எண்ணம் நோயாளியின் மனத்தில் படிகிறது. உண்மையில் சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்த உட்பகுதியில் உயிரணுக்களே எண்ணிக்கையில் பெருகுகின்றன. ஆகவே 'தீங்கற்ற புராஸ்டேட் பெருக்கம்' என்பதே பொருந்தும் பெயர். இதில் 'தீங்கற்ற' என்பது புற்றுநோய் அன்று என்று சொல்கிறதே தவிர, தொல்லை இல்லை என்று சொல்லவில்லை.

இந்தப் பெருக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் அழற்சி என்பது, காயம், கிருமி போன்றவற்றுக்கு உடலின் எதிர்ப்பு அணுக்கள் காட்டும் எதிர்வினை. சுழல் என்பதிலிருந்து சுழற்சியும் முயல் என்பதிலிருந்து முயற்சியும் பிறப்பது போல, எரிதலைக் குறிக்கும் அழல் என்னும் வினையிலிருந்து பிறந்தது அழற்சி. அதன் ஆங்கிலப் பெயரான 'இன்ஃபிளமேஷன்' என்பதன் இலத்தீன் வேரும் தீ மூட்டுதலையே குறிக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானியரான செல்சஸ் சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என்னும் நான்கையும் இதன் அடையாளங்களாக எழுதிவைத்தார். வீக்கம் அந்த நான்கில் ஒன்றுதான். வளி, அழல், ஐயம் எனச் சித்த மருத்துவம் கூறும் அழல் பித்தத்தைக் குறிப்பது. அந்த அழலையும் இந்த அழற்சியையும் ஒன்றாக்கக் கூடாது.

பெருத்த புராஸ்டேட்டின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால், சுரப்பிக் குழல்களைச் சுற்றி எதிர்ப்பு அணுக்களான நிணநீர் அணுக்களும் விழுங்கணுக்களும் திட்டுத்திட்டாகக் குவிந்திருப்பதைப் பலரிடம் காணலாம். காய்ச்சலோ கிருமியோ பெரும்பாலும் இருப்பதில்லை. ஆதலால் இதைத் தொற்று என்று சொல்வது தவறு. இவ்வணுக்கள் வெளியிடும் இன்டர்லூக்கின்-8 போன்ற பொருள்கள் அருகிலுள்ள திசுவின் வளர்ச்சியைத் தூண்டுவதால், நீடித்த அழற்சி பெருக்கத்திற்குத் துணைசெய்கிறது என்று கருதப்படுகிறது. டூடாஸ்டரைடு மருந்தைப் புற்றுநோய்த் தடுப்புக்காகச் சோதித்த 'ரெட்யூஸ்' ஆய்வில், 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் திசுக்களில் முக்கால் பங்கிற்கு மேல் நாட்பட்ட அழற்சி தென்பட்டது. ஆயினும் அதற்கும் சிறுநீர்த் தொல்லைகளுக்கும் இருந்த தொடர்பு வலுவற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெருக்கத்துக்கும் அழற்சிக்கும் உள்ள வேறுபாடு சிகிச்சையில் மிக முக்கியம். பெருக்கத்துக்குத் தரப்படும் மருந்துகளில், டாம்சுலோசின் சிறுநீர்ப்பைக் கழுத்தின் தசையைத் தளர்த்துகிறது. ஃபினாஸ்டரைடும் டூடாஸ்டரைடும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைக் குறைத்துச் சுரப்பியைப் பல மாதங்களில் சுருக்குகின்றன. அழற்சியை நேரடியாகத் தணிக்கும் மருந்துகள் இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. அழற்சிதானே என்று மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் என்னும் வலி மாத்திரையை வாங்கி நாள்தோறும் விழுங்குவது ஆபத்தானது. சிறுநீர் தேங்கியதால் ஏற்கெனவே அழுத்தத்துக்கு உள்ளான சிறுநீரகத்தை அது மேலும் கெடுக்கக்கூடும். தொற்று இல்லாதபோது ஆன்டிபயாடிக்காலும் பயனில்லை.

புராஸ்டேட் சுரக்கும் புரதமான பி.எஸ்.ஏ.வின் அளவை இரத்தத்தில் அழற்சியும் உயர்த்தும். அது கூடியதும் புற்றுநோய் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. மாறாக, ஃபினாஸ்டரைடு தொடர்ந்து உட்கொள்வோருக்கு அந்த அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பதால், அம்மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.