வி8 வண்டி ஏன் இத்தனை பெட்ரோல் குடிக்கிறது?

“மெர்சிடிஸ் ஜி 63 லிட்டருக்கு 6 கி.மீ.தான் கொடுக்குமாமே, இரண்டரை டன் எடைதானே காரணம்?” என்று, 4 லிட்டர் வி8 எஞ்சின் (‘வி’ வடிவில் எட்டு சிலிண்டர்) கொண்ட இந்தப் பெட்டி வடிவ வண்டியைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஊருக்குள் ஓட்டினால் எடைதான். மணிக்கு 50 கி.மீ.யில் வரும் 2,500 கிலோ வண்டியின் இயக்க ஆற்றல் சுமார் 240 கிலோஜூல். பிரேக் பிடித்ததும் அத்தனையும் டிஸ்க்கில் வெப்பமாகிப் போய்விடும். மறுபடி அதே வேகத்தைத் தொட ஏறக்குறைய 30 மில்லி பெட்ரோல் வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் இதே செலவு.

நெடுஞ்சாலையில் கதை வேறு. சமதளத்தில் சீராகப் போகும்போது எடை தலைகாட்டுவது டயரின் உருளல் எதிர்ப்பில் மட்டும். அது 300 நியூட்டன் அளவில் நிற்கும். காற்றோ, 100 கி.மீ. வேகத்தில் 700 நியூட்டனுக்கு மேல் தள்ளுகிறது. காரணம், நிமிர்ந்த கண்ணாடியும் ஏறக்குறைய 3 சதுர மீட்டர் முகமும். பழைய ஜி வண்டியின் இழுவை எண் (வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) 0.53. இன்றைய செடான்களில் பல 0.30க்குக் கீழே. 2024இல் கண்ணாடி ஓரத் தூண்களின் உறையை மாற்றி, கூரை விளிம்பில் சின்ன ஸ்பாய்லரும் வைத்து 0.44க்கு இறக்கினார்கள். பெட்டி பெட்டியாகவே இருக்க, இவ்வளவு குறைத்ததே பெரிய காரியம். ஆனால் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 130இல் ஓட்டினால் அந்த லாபம் போன இடம் தெரியாது.

எல்லா எதிர்ப்பையும் கூட்டி, கியர் இழப்பையும் சேர்த்தால் 100 கி.மீ. வேகத்துக்குத் தேவை 34 கிலோவாட் அளவுதான். எஞ்சினின் உச்சத்திறன் 430. பெரிய எஞ்சினைச் சின்ன வேலைக்கு வைத்துக்கொள்வதற்கு ஒரு தண்டம் உண்டு; இந்த விஷயத்திலேயே அழகான பகுதி அதுதான்.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் ஏறக்குறைய 14.7க்கு 1 என்ற எடை விகிதத்தில் கலக்க வேண்டும். பெட்ரோலைக் குறைத்தால் காற்றையும் குறைத்தாக வேண்டும். அதற்காகத்தான், காற்று வரும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு பாதி மூடி நிற்கிறது. அதற்கு அப்பால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் 100 கிலோபாஸ்கலிலிருந்து 60க்கு இறங்கிவிடும். ஊருக்குள் மெதுவாக உருளும்போது இன்னும் கீழே. பிஸ்டன் காற்றை உறிஞ்சும்போதெல்லாம் இந்தப் பாதி வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டும். சிரிஞ்சின் மூக்கை விரலால் பொத்திக்கொண்டு தண்டை இழுத்துப் பாருங்கள், புரியும். கணக்கும் எளிது: 40 கிலோபாஸ்கல் வித்தியாசத்தை எஞ்சினின் கொள்ளளவான 4 லிட்டரால் பெருக்கினால், கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் 160 ஜூல். நிமிடத்துக்கு 1,800 சுற்று என்றால் 2.4 கிலோவாட். வெறும் மூச்சு வாங்குவதற்கே இவ்வளவு!

இதைக் குறைக்கத்தான் ஜி 63இல் கம்ஃபர்ட் மோடில், 1,000 முதல் 3,250 சுற்று வரை, சுமை குறைவாக இருந்தால் 2, 3, 5, 8ஆம் சிலிண்டர்கள் வேலையை நிறுத்துகின்றன. அவற்றின் வால்வுகள் மூடியே இருக்கும். உள்ளே சிக்கிய வாயு அமுங்கும்போது வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியை விரியும்போது திருப்பிக் கொடுத்துவிடும். மீதி நான்கும் இரட்டை வேலை பார்ப்பதால் த்ராட்டில் அகலத் திறக்கிறது, வெற்றிடம் குறைகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினீர்களோ, எட்டும் விழித்துக்கொள்ளும்.

டீசலுக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. காற்றைத் தடுக்காமல் அப்படியே உள்ளே விட்டு, பீய்ச்சும் டீசலை மட்டும் கூட்டிக் குறைத்தால் போதும். லிட்டருக்கு ஆற்றலும் கூடுதல். 3.3 லிட்டர் வி6 டீசல் போட்ட லேண்ட் க்ரூஸர் 300, அதே மாதிரிப் பெரிய உடம்போடு, ஆஸ்திரேலியச் சோதனை முறையில் 100 கி.மீ.க்கு 8.9 லிட்டரோடு நிற்பது அதனால்தான்.

மைலேஜ் கூடும் என்று சொல்லி எரிபொருள் குழாயில் கட்டும் காந்தம் இதில் எதைத் தொடுகிறது? எதையும் இல்லை. ஆனாலும் விற்கிறது. 1996இல், மூலிகையிலிருந்து பெட்ரோல் தயாரிப்பதாக ராமர் பிள்ளை சொன்ன கதையைப் பார்த்த பிறகும் நமக்குப் புத்தி வரவில்லை.

மைலேஜ் விழுந்துவிட்டதாகப் புலம்புகிறவர்கள் முதலில் டயரைப் பார்க்கட்டும். மணலில் ஓட்டக் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கியவர்கள் தார்ச்சாலைக்கு வந்ததும் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு ஏற்ற வேண்டும். 31 அங்குல டயரைக் கழற்றி 33 மாட்டியிருந்தால், ஓடோமீட்டர் 100 கி.மீ. காட்டும்போது வண்டி 106 ஓடியிருக்கும். நாசில் தானாக நிற்கும்வரை நிரப்பி, 300 கி.மீ.யாவது ஓட்டி, அதே பம்பில் மறுபடி அதேபோல் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை 1.06ஆல் பெருக்கிவிட்டு அப்புறம் லிட்டரால் வகுங்கள். அதற்குப் பிறகும் குறைந்தால், கனமான டயரும் கூரைமேல் ஏற்றிய கேரியரும்தான் குடிக்கின்றன.