எண்மக் கதைசொல்லல்: சொல்லும் பொருளும்

டிஜிட்டல் ஸ்டோரிடெல்லிங் என்ற சொல் இப்போது கல்லூரி அசைன்மென்ட்களில் அடிக்கடி வருகிறது. கோவை, ஈரோடு மாணவர்களிடம் என்னவென்று கேட்டால், 'வீடியோ ப்ராஜெக்ட்டுங்க' என்பார்கள். அது பாதிதான் சரி. ஒருவர் தன் கதையைத் தன் குரலிலேயே இரண்டு மூன்று நிமிடத்தில் சொல்வது, அதோடு பழைய போட்டோக்களையும் கொஞ்சம் ஒலியையும் சேர்ப்பது: இதுதான் அந்தச் சொல்லின் பொருள். கேமராவையே தொடாமல் வீட்டு ஆல்பத்தை வைத்தும் செய்துவிடலாம்.

இந்தப் பொருளில் சொல் பரவியது 1990-களில், கலிபோர்னியாவில். டேனா ஆட்ச்லி என்ற கலைஞர் தன் குடும்பப் படங்களைத் திரையில் ஓடவிட்டு, மேடையில் நின்று தன் வாழ்க்கையைச் சொன்னார். அவரும் நாடகத்துறையைச் சேர்ந்த ஜோ லாம்பர்ட்டும் இதைச் சாதாரண மக்களுக்குக் கற்றுத்தரும் பயிற்சிப் பட்டறைகளைத் தொடங்கினார்கள்.

'டிஜிட்' லத்தீனில் விரலைக் குறித்த சொல். விரல்விட்டு எண்ணியதால் இலக்கத்துக்கும் அதுவே பெயரானது. டிஜிட்டலைத் தமிழில் 'மின்னணு' என்று எழுதுகிறவர்கள் உண்டு, ஆனால் அது எலெக்ட்ரானிக்ஸுக்கு உரியது. இலங்கையில் 'இலக்கமுறை' என்ற வழக்கு இருக்கிறது. டிஜிட்டலுக்கு வழங்கும் எண்ணிமம், எண்மம் இரண்டும் 'எண்' என்ற வேரிலிருந்தே வந்தவை. எண்மம் சுருக்கமாக இருப்பதால் அடுத்த சொல்லோடு எளிதாக ஒட்டும். ஸ்டோரிடெல்லிங்குக்குக் 'கதையாடல்' வேண்டாம், இலக்கிய விமர்சனத்தில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. 'கதைசொல்லி' ஏற்கெனவே நம்மிடம் புழங்கும் சொல். ஆகவே எண்மக் கதைசொல்லல். இதில் 'சொல்லல்' என்ற பகுதியை விட்டுவிடவே கூடாது, குரல் அதில்தான் இருக்கிறது.

கொங்கு நாட்டுக்கு இது புதிதல்ல. உடுக்கையடித்து, பொன்னர் சங்கர் சகோதரர்களின் அண்ணமார் கதையை இரவிரவாகப் பாடும் மரபு இங்கே உண்டு. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் அதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பல ஆண்டுகள் கழித்து அதே கதை அவருடைய முயற்சியில் அசைவூட்டத் தொடராகவும் வந்தது. முதலில் குரல், அப்புறம்தான் படம்.

பெருந்துறைப் பக்கத்து மாணவி ஒருத்தி, அப்பாரு (தாத்தா) கவலை இறைத்த, அதாவது மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைத்த கதையைப் பதிவு செய்கிறாள் என்று வையுங்கள். "வடக்கயிறு சாலத் தூக்கும் கண்ணு, வால்கயிறு தும்பியப் புடிச்சு தொட்டிப் பக்கம் இழுக்கும்" என்கிறார் அவர். சால் என்பது தண்ணீர் மொள்ளும் பெரிய வாளி, தும்பி அதன் அடியில் இருக்கும் தோல் குழாய். இந்த ஒரு வரிக்கு எந்தப் படமும் ஈடில்லை. ஆனால் பின்னால் விசைத்தறி ஓடினால் வரி போச்சு. சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் தறிச்சத்தம் கேட்காத தெரு அபூர்வம். மாணவர்களுக்குக் கல்லூரி நூலகம் உதவ வேண்டிய முதல் இடம் இதுதான்: கதவடைத்த ஒரு சிறிய அறை, சட்டையில் குத்தும் ஒரு மைக். கம்ப்யூட்டர் வரிசையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். ஒலிக்கு ஆடாசிட்டி, படம் கோக்க ஓப்பன்ஷாட், இரண்டும் இலவசம். பேசத் தொடங்கும் முன் ஐந்து விநாடி யாரும் பேசாமல் பதிவு ஓடட்டும். அந்த வெறும் சத்தத்தை மாதிரியாகக் காட்டினால் ஆடாசிட்டி மின்விசிறி இரைச்சலைப் பெருமளவு குறைத்துவிடும். படங்களை எந்த வரிசையில் வைப்பது என்று முன்கூட்டியே கட்டம் போட்டு வரைவது ஸ்டோரிபோர்டு. தமிழில் கதைப்பலகை.

நூலகர் கண்டிப்பாகத் தலையிட வேண்டியது உரிமை விஷயத்தில். பின்னணிக்குச் சினிமாப் பாட்டு போடுவதுதான் மாணவர்களின் முதல் யோசனை. இந்தியச் சட்டப்படி இசைப் படைப்பின் பதிப்புரிமை, படைத்தவர் இறந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். படைத்தவரே சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் இசையைத் தேடி எடுக்கவும், படைத்தவர் பெயரைக் குறிப்பிடவும் நூலகர் சொல்லித்தரலாம்.

மதிப்பெண் வந்ததும் கோப்பு பென்டிரைவோடு தொலைந்துபோவதுதான் வழக்கம். பேசியவரின் சம்மதத்தோடு, வெட்டாத மூல ஒலியையும் முடிந்த கதையையும், பேசியவர் பெயர், ஊர், ஆண்டு எழுதி நூலகப் பட்டியலில் ஏற்றுங்கள். அடுத்த ஆண்டு மாணவர் கவலை என்று தேடினால் அப்பாரு குரல் கிடைக்க வேண்டும்.